முட்டு பிரிச்ச நாள்

உள்ள வா தாயி. கதவு சும்மாதான் சாத்தியிருக்கு, தள்ளு. அந்த ஸ்டூல்ல உக்காராத, அதுக்கு ஒரு கால் ஆடும். மருமகன் இன்னைக்கு ஆணி அடிக்கிறேன், நாளைக்கு அடிக்கிறேன்னு ஏழு மாசமாச் சொல்லிக்கிட்டு இருக்காரு. இந்தா, கட்டில்லயே ஓரமா உக்காரு. மூச்சு வாங்குதோ? வாங்கும், வாங்கும். நாப்பத்தாறு படியாச்சே. பதினஞ்சு, பதினாறு, பதினஞ்சு. ஆஸ்பத்திரியில இருந்து என்னய நாற்காலியோட தூக்கிட்டு வந்தப்ப எண்ணுனது. மூணாம் மாசம் ஒருக்கா எக்ஸ்ரே படம் எடுக்கன்னு இறக்கி ஏத்துனாங்க. அதோட சரி. அப்பறம் இந்தத் தரையை விட்டு நான் இறங்கல.

எம்மக செவ்வந்தி சொல்லிட்டுத்தான் வேலைக்குப் போனா. ஆஸ்பத்திரியில இருந்து கால் பயிற்சிப் பொண்ணு வருதுப்பா, ஏன் வரலைன்னு கேட்டு எழுதிட்டுப் போகுமாம், மரியாதையாப் பேசுப்பான்னா. நான் என்னைக்கு மரியாதை இல்லாமப் பேசுனேன்? பேரு என்ன சொன்ன? ரோஸ்லினா. நல்ல பேரு. எழுது தாயி. பேரு தவசியாண்டி. வயசு அம்பத்தெட்டு. தொழிலு சென்ட்ரிங். கூலின்னு போட்டுறாத, சென்ட்ரிங் காண்ட்ராக்டருன்னு போடு. இங்க விளாங்குடியில இருந்து அங்கிட்டு சமயநல்லூர் வரைக்கும் நிக்கிற வீட்டுல பாதி வீடு என் முட்டு மேல நின்னு கெட்டியானதுதான்.

முட்டுன்னா தெரியாதா? வீடு கட்டுறதப் பாத்திருப்பேல்ல. மேல தளம் போடணும்னா கீழ மொதல்ல சவுக்குக் கம்பை வரிசையா நிறுத்துவோம். அது மேல இரும்புத் தகட்டைப் பரப்பி, தகட்டு மேல கம்பி கட்டி, அதுக்கப்பறந்தான் காங்கிரீட்டு. கீழ நிக்கிற கம்புக்குப் பேருதான் முட்டு. காங்கிரீட்டு இறுகுற வரைக்கும் அது நிக்கணும். இறுகுனதும் நாங்க வந்து பிரிச்சு எடுத்துட்டுப் போயிருவோம். தளம் தன்னால நிக்கும். வீட்டுக்காரவுக பால் காய்ச்சறப்ப எங்க நெனப்பே இருக்காது அவுகளுக்கு. இருக்க வேணாம், அதான் தொழிலு.

அதுனாலதான் உங்க டாக்டரு சொன்னது என் மண்டையில ஏறல. முழங்காலுக்குக் கீழ எலும்பு மூணு விரக்கடைக்குத் தூளாப் போச்சு, பொறுக்கி எடுத்தாச்சு. அந்த எடத்துல வைக்கப் போறதை எனக்குக் காட்டுனாரு. வெள்ளையா, ரஸ்க்குத் துண்டாட்டம், உள்ள பூராம் ஓட்டை. "பெரியவரே, இது எலும்பு இல்ல. எலும்பு வளர்றதுக்கு நாங்க போடுற சாரம். செயற்கையாச் செஞ்சது. இந்த ஓட்டைக்குள்ள உங்க எலும்பு பூந்து வளரும். அது வளர வளர இது கரைஞ்சு போயிரும்"னாரு. சரிங்க டாக்டரு, எலும்பு வந்ததும் இதை யாரு கழட்டுவான்னேன். சிரிக்கிறாரு. "யாரும் கழட்ட வேணாம். உள்ள தையல் போடுற நூலு தன்னாலக் கரையும்ல, அந்த ரகந்தான் இதுவும். கொஞ்சங்கொஞ்சமாக் கரைஞ்சு ஒடம்போட போயிரும்"ங்கிறாரு. அது வரைக்கும் காவலுக்கு ஒரு தகடும் எட்டுத் திருகாணியும்.

நாப்பது வருசம் இந்தத் தொழில்ல கெடந்தவன் தாயி நான். தன்னால கழண்டு போற முட்டை நான் எங்கயும் பாத்ததில்ல. முட்டுன்னா கழட்டுறதுக்கு ஒரு ஆளு உண்டு. எவன் கழட்டுனான், எத்தனாம் நாள் கழட்டுனான், ஏன்டா கழட்டுனன்னு சட்டையப் புடிச்சுக் கேக்கலாம். இதுல யாரைப் போயிக் கேக்குறது? தோலுக்குள்ள எவனோ ஒருத்தன் உக்காந்து ஒவ்வொரு கம்பா உருவிக்கிட்டு இருக்கான், எனக்குத் தெரியாம.

இந்த லட்சணத்துல படம் எடுத்த அன்னைக்கு டாக்டரு சொல்றாரு, "நல்லா வந்துக்கிட்டு இருக்கு, இனிமே காலைத் தரையில ஊணுங்க, கொஞ்சங்கொஞ்சமாப் பாரத்தை ஏத்துங்க, பாரம் ஏறுனாத்தான் எலும்பு தடிக்கும்"னு. பச்சைத் தளத்து மேல ஏறிக் குதிங்க, அப்பத்தான் இறுகும்னு சொல்றாப்ல இருந்துச்சு எனக்கு. தலையை மட்டும் ஆட்டிட்டு வந்தேன். வந்து படுத்தவன்தான். கக்கூசுக்குப் போனாலும் வாக்கரைப் புடிச்சு ஒத்தக் கால்லயே தத்திக்கிட்டுப் போவேன். இந்தக் காலை ஊணல. ஊண மாட்டேன். காலையில எந்திரிச்சதும் விரலை மடக்கி எலும்பு மேல தட்டிப் பாப்பேன். இறுகுன தளத்தைத் தட்டுனா டங்குனு கேக்கும், பச்சைன்னா தொப்புனு கேக்கும். இன்னும் டங்குனு கேக்கல. சிரிக்காத. ஏன் வரலைன்னு கேட்டேல்ல, அதை எழுது.

இங்க சௌகரியமா இருக்கான்னா? பொண்ணு வீட்டுல ஒரு வாய் காப்பிக்கு மேல குடிச்சவன் இல்ல நான். வருவேன், நிலைப்படியில நின்னே பேசுவேன், பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிருவேன். பொண்ணைக் குடுத்த வீட்டுல போயி உக்காந்து திங்கிறவனை எங்க பக்கம் எவனும் மதிக்க மாட்டான். எம் பொண்டாட்டி போய்ச் சேந்து நாலு வருசம் ஆச்சு, அவ இருந்தா எங்க வீட்டுலயே கெடந்திருப்பேன். இப்ப ஏழு மாசமா மூணு வேளையும் இங்கதான். மருமகன் ஒரு சொல்லு சொல்ல மாட்டாரு, அதான் கொடுமை. "மாமா, ஃபேன் போதுமா? மாமா, டிவி சத்தம் கூட வைக்கவா?" ஒருக்கா ஏசுனா நானும் ரெண்டு ஏசிட்டு ஆறிப் போவேன். ஏச மாட்டேங்கிறாரே. கக்கூசுக்கு ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வெச்சிருக்காரு. நான் போயிட்டு வந்தா அதைக் கழுவுறது அவரு. மருமகன் தாயி. நான் எங்கிட்டுப் போயி மூஞ்சிய வைக்கிறது?

ஒம்பது மணிக்கு ரெண்டு பேரும் கெளம்பிட்டா சாயங்காலம் வரைக்கும் நானும் இந்தச் செவுரும்தான். மொத நாளு செவ்வந்தி, கதவைப் பூட்டிட்டுப் போகவாப்பான்னு கேட்டா. பூட்டாத தாயின்னேன். பூட்டுனா என்ன பூட்டாட்டி என்ன, நான் எங்க போயிறப் போறேன். அங்க மேல பாரு. இந்தத் தளத்துக்கு எவன் சென்ட்ரிங் அடிச்சானோ, தகட்டுச் சந்துல சிமெண்டுப் பால் ஒழுகுன தடம் அப்படியே கோடு கோடா நிக்குது. அந்தக் கோட்டைத்தான் ஏழு மாசமா எண்ணிக்கிட்டுப் படுத்திருக்கேன். பதினேழு கோடு.

என்னது? எப்படி அடிபட்டுச்சுன்னு ஒரு கட்டம் காலியாக் கெடக்கா? போடு. போர்ட்டிகோ தளம் விழுந்துச்சு. காரணம், கூட வேலை பாத்தவன் முட்டை முறை மாத்திப் பிரிச்சுட்டான். அம்புட்டுத்தான். போர்ட்டிகோ ஒரு பக்கம் மட்டுந்தான் செவுத்தைப் புடிச்சு நிக்கும், மத்தது அந்தரம். அதுக்குப் பதினாலு நாள் முட்டு நிக்கணும். பிரிக்கிறப்பவும் அந்தர முனையில ஆரம்பிச்சு செவுத்துப் பக்கமா வரணும். அவன் செவுத்துப் பக்கத்துல ஆரம்பிச்சுட்டான். பதினாலு நாள் ஆயிருச்சான்னா? ஆகாமப் பிரிப்பமா? பதிமூணு, பதினாலு, ஆச்சு.

அவன் பேரு எதுக்கு? சரி, வேலாண்டின்னு போடு. எம் பொண்டாட்டியோட தம்பி, செவ்வந்திக்குத் தாய்மாமன். பதினெட்டு வருசமா எங்கூடத்தான் வேலை. முட்டு நிறுத்துறதுல அவனை அடிச்சுக்க இந்த வட்டாரத்துல ஆள் கெடையாது, அதை மறைக்க மாட்டேன். தூக்குக்குண்டு விடாமலே கம்பை நேரா நிறுத்துவான். ஏசுனாலும் எதுத்துப் பேச மாட்டான். கல்லைத் தூக்குறான்னாலும் சரி மச்சான், காத்தைப் புடிறான்னாலும் சரி மச்சான். அன்னைக்கு ஒரு நாள்தான் ஒரு வார்த்தை கூடப் பேசுனான்.

வைகாசி மாசம் அது. முகூர்த்தம் நெருக்கிக்கிட்டு வரும், எல்லாருக்கும் ஒரே நேரத்துல தளம் போட்டாகணும். இங்க வாத்தியார் வீட்டுப் போர்ட்டிகோவை வியாழக்கிழமை போட்டாச்சு. அந்தப் பக்கம் அரிசிக்கடைக்காரர் வீட்டு மாடி. அவரு ஜோசியரப் பாத்து, ஞாயித்துக்கிழமை காலை ஆறரைக்கு மேலன்னு நேரம் குறிச்சுட்டு வந்துட்டாரு. வேலையாளுகளுக்குப் பிரியாணிக்கே சொல்லியாச்சு. எனக்கு இருபது தகடும் முப்பது முட்டும் கொறையுது. நாளைத் தள்ளுங்கய்யான்னா, "தவசி, ஆவணியில மகளுக்குக் கல்யாணம், இதை விட்டா ஆடி குறுக்க வந்துரும்"ங்கிறாரு. நான் என்ன செய்யட்டும், சொல்லு. வெள்ளிக்கிழமை காலையில வேலாண்டியக் கூட்டிக்கிட்டு வாத்தியார் வீட்டுக்கு வந்தேன். தகட்டை ஏத்திட்டுப் போக வேன் வாசல்ல நிக்குது. இவன் கீழ நின்னு சுத்தியல்ல ஒரு தட்டு தட்டுனான். "மச்சான், தொப்புங்குது. இன்னும் பச்சையா இருக்கு மச்சான்"னான். எனக்குச் சொல்லிக் குடுக்கிறான். மழை ஈரம்டா, பிரிடான்னேன். "எங்கிட்டு இருந்து மச்சான்?"னான். அந்தர முனையில ஜல்லியக் கொட்டி வெச்சிருந்தாய்ங்க, அதைத் தள்ளிட்டு உள்ள போனா ஒரு மணி நேரம் ஆகும். இங்கிட்டு இருந்தே உருவுடான்னேன். உருவுனான். உருவுனது அவன்தான? அதைத்தான நானும் சொல்றேன்.

எதுக்கு விரலை மடக்குற? வியாழன்ல இருந்து வெள்ளியா? அது அடுத்த வெள்ளியா, அதுக்கும் அடுத்த வெள்ளியான்னு இப்ப எங்கிட்டுப் போயிக் கண்டுபுடிக்க. பத்து நாளைக்குக் கொறையாது. ஜோசியரு குறிச்ச ஞாயித்துக்கிழமைக்காகத்தான் பிரிச்சீங்களாங்கிறியா? ஆமா, சொன்னேன்தான். அந்தப் பேனாவக் கொஞ்ச நேரம் மூடி வை தாயி.

தளம் விழுந்த சத்தமே கேக்கல. எல்லாரும் பெரிய சத்தம்னு சொன்னாய்ங்க, எனக்குக் கேக்கல. ஒரே தூசி. அப்பறம் காலு என்னுதா இல்லையான்னு தெரியல. வேலாண்டிக்கு வெளிய ஓட வழி இருந்துச்சு. ஓடல. தொங்கிக்கிட்டு இருந்த மிச்சத் தளத்துக்கு அடியிலயே பூந்து வந்தான். கம்பி கெடந்துச்சு, கடப்பாரை கெடந்துச்சு, எதையும் தேடாம வெறுங்கையால பறிச்சான். வலது கையில ரெண்டு விரல் நுனி நசுங்கிப் போச்சு, அதைக் கூடப் பாக்கல. மச்சான் மச்சான்னு அதே ஒரு வார்த்தைதான்.

ஆஸ்பத்திரியில கட்டிலைச் சுத்தி வாத்தியாரு, இஞ்சினியரு, இன்னும் நாலு பேரு. "எத்தனை நாள்ல பிரிச்சீங்க?"ன்னு இஞ்சினியரு கேட்டாரு. பதினாலுன்னேன். நாள் எண்ணுறது வேலாண்டிதான், பிரிச்சதும் அவன்தான், அவனைக் கேளுங்கன்னேன். மயக்கத்துல சொன்னேனா, தெளிஞ்சு சொன்னேனா, தெரியல. மயக்கந்தான். எல்லாரும் அவனைத் திரும்பிப் பாத்தாய்ங்க. கையில கட்டோட கதவோரம் நின்னான். என்னய ஒருக்கா பாத்தான். "ஆமா சார், பதினாலு. நான்தான் முறை மாத்திட்டேன்"னுட்டான்.

அவுக போனதும் அவனைப் பாக்கப் பாக்க எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஏன்னு கேக்காத. ஒரு வார்த்தை எதுத்துச் சொல்லியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். நான் இருக்கிற தரையில இனிமே கால் வைக்காதடான்னேன். "சரி மச்சான்"னுட்டுப் போயிட்டான்.

பிரிக்கிற முறை தெரியாதவன்னு பேராயிருச்சு அவனுக்கு. முட்டு அடிக்க எவன் கூப்பிடுவான்? இப்ப தண்ணிக் கேன் போடுறான். இந்தத் தெருவுக்கு அவன்தான் போடுறான். செவ்வந்தி பாத்த வேலையா இருக்கும். கேட்டா, "கம்பெனிக்காரன் யாரையோ அனுப்புறான்ப்பா"ங்கிறா. லீவு நாள்ல அவன் வந்தா, குப்பை கொட்டப் போறேன்னு டம்ளர்ல காப்பியோட இறங்கிப் போறவளுக்கு அப்பன் கண்ணு தெரியாதவன்னு நெனப்பு.

புதனும் சனியும் வருவான். படியில செருப்புச் சத்தம் ஏறிக்கிட்டே வரும். மொத மாடி, ரெண்டாவது மாடி. அதோட நின்னுரும். எங்க வீட்டுக் கேனையும் ரெண்டாவது மாடித் திருப்பத்துலயே வெச்சுட்டு இறங்கிருவான். மூணாவது மாடிக்கு ஒரு படி ஏற மாட்டான். சாயங்காலம் மருமகன் வந்து தூக்கியாருவாரு. நான் சொன்ன ஒரு சொல்லை ஏழு மாசமாக் காப்பாத்திக்கிட்டுத் திரியிறான், கிறுக்குப் பய. ஒருக்கா அந்தச் சத்தம் நின்னதும் கட்டிலை விட்டு எந்திரிச்சுப் பாத்தேன். காலு கூசுச்சு. படுத்துட்டேன். ஊண முடியுமா தாயி? ஊணுனா நடக்கணும். நடந்தா இறங்கணும். இறங்குனா அந்தத் திருப்பத்துல அவன் நிப்பான். அதுக்கா ஊணலைங்கிற? அதுக்கில்ல. எலும்பு இறுகல, அதான் காரணம். அதை மட்டும் எழுது.

என்ன சொல்ற? மறுபடி சொல்லு. டாக்டரு உள்ள வெச்ச சாரம் பாதிக்கு மேல இந்நேரம் கரைஞ்சிருக்குமா? நான் ஊணுனாலும் ஊணாட்டியும் அது பாட்டுக்குக் கரையுமா? நான் படுத்துக் கெடந்தா அதுவும் நிக்கும்லன்னு நெனச்சேனே. எலும்பு வந்து சேர்றதுக்குள்ள அது போயிட்டா? தகடு மட்டும் ரொம்ப நாள் தாங்காது, முறிஞ்சுருங்கிற. மறுபடியும் அறுத்து, இடுப்புல இருந்து எலும்பு எடுத்து வைக்கணும். அப்பயும் கால் முழுசா வரும்னு சொல்ல முடியாது. இதை ஏன் தாயி இம்புட்டு மெதுவாச் சொல்ற. அப்ப நான் இத்தனை நாளாப் பொத்திப் பொத்தி வெச்சுக்கிட்டுப் படுத்திருந்தது எதை? வியாழக்கிழமை படம் எடுத்துப் பாத்தாத்தான் தெரியுமா. ஒண்ணும் மோசம் போயிருக்காதுங்கிற. உன் வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்.

இரு. பேசாத. கேக்குதா?

செருப்புச் சத்தம். இன்னைக்குப் புதனாச்சே. மொத மாடி தாண்டிட்டான். நிக்கிறான், கேனைத் தோள் மாத்துறான். ரெண்டு விரல் நுனி இல்லாமப் புடிமானம் கெடையாது, பாவம். ஏறுறான். இந்தா, தொம்முனு வெச்சது கேட்டுச்சா, அது எங்க கேனு. கதவை நல்லாத் திற தாயி. வாக்கரைக் குடுக்காத, செவுத்தைப் புடிச்சுக்கிறேன். நகரு.

டேய் வேலாண்டி.

போகாத, நில்லு. அங்கனயே நில்லுறா. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், சொல்லிட்டுப் போ. ஆஸ்பத்திரியில இருந்து பொண்ணு வந்திருக்கு, ஃபாரத்துல எழுதணுமாம். வாத்தியார் வீட்டு முட்டு. எத்தனாம் நாள் பிரிச்சோம்?

கேட்டியா தாயி. பதினாலு மச்சானாம். ஏழு மாசம் கழிச்சு என்கிட்டப் பேசுற மொத வார்த்தை, ஒரு நிமிசம் கூட யோசிக்கல. மூஞ்சி தெரியல, கைப்பிடியில கை மட்டும் தெரியுது. பதினாலாம்.

எட்டு. எட்டுன்னு எழுது தாயி. இன்னும் பச்சையா இருக்குன்னு அவன் சொன்னான், பிரிடான்னு நான் சொன்னேன். எங்கிட்டு இருந்துன்னு கேட்டான், இங்கிட்டு இருந்துன்னு சொன்னதும் நான்தான். எல்லாத்தையும் எழுது. கட்டம் பத்தாட்டி பின்பக்கம் எழுது. டேய், உனக்கும் கேக்குதுல்ல?

என்ன, எழுதாம என் காலையே பாத்துக்கிட்டு நிக்கிற? ஆமா. ரெண்டும் தரையிலதான் இருக்கு. கட்டில்ல இருந்து இம்புட்டுத் தூரம் எப்படி வந்தேன்னு தெரியல. வலிக்குதான்னா, வலிக்குது. வலிக்காம இருக்குமா.

கேனைத் தொடாதடா. நீ ஏற வேணாம், சொன்ன சொல்லு இருக்கட்டும். அங்கனயே இரு மாப்ள, நான் வர்றேன்.

தோளைக் குடு தாயி. பதினஞ்சு படிதான். இறங்குறப்ப எந்தக் காலை மொதல்ல வைக்கணும்? அடிபட்டதையா? சரி, வைக்கிறேன். கெட்டியாப் புடிச்சுக்க.